துப்பாக்கி பெட்டியில், லைசென்ஸ் சட்டைப் பையில்

எங்கள் வீட்டில் இருப்பது 12 போர் (குழலின் உள்ளளவு) ரெட்டைக் குழல் துப்பாக்கி. அப்பா வாங்கியது. தற்காப்புக்கு என்று அவர் எடுத்த லைசென்ஸ், அவருக்கு வயதான பிறகு முறைப்படி என் பெயருக்கு மாறியது. ஊர் சத்தியமங்கலம் பக்கம், தோட்டத்து வீடு. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்போது என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஏனுங் மாமா, வழியில போலீஸ் நிறுத்துனா என்ன காட்டோணும், எப்படிக் காட்டோணும்?" சுடவும் சுத்தம் செய்யவும் சொல்லித்தர அவர்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. காகிதத்தைப் பற்றிச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, துப்பாக்கியோ தோட்டாவோ எடுத்துச்செல்லும் எவரிடமும் எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம். இன்ஸ்பெக்டர்தான் கேட்க வேண்டும், முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இல்லை. காட்ட மறுத்தாலும், காட்ட முடியாமல் போனாலும், பெயரும் முகவரியும் கேட்டு, தேவைப்பட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்லாமல் இருந்தாலோ, சொன்னது பொய் என்று பட்டாலோ, ஆள் தப்பி ஓடிவிடுவார் என்று தோன்றினாலோ வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆக, லைசென்ஸ் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்பது ரோட்டில் செல்லாது. உரிமம் உள்ளவர்தான், ஆனால் கையில் இல்லை என்றாலும் துப்பாக்கி அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போகலாம். திரும்ப வாங்க அலைவது நம் பாடு.

அதனால் துப்பாக்கி வீட்டு வாசலைத் தாண்டினால் ஒரிஜினல் லைசென்ஸும் தாண்ட வேண்டும். ஜெராக்ஸும் செல்போனில் படமும் கூடவே இருக்கட்டும். தொலைந்தால் விவரம் சொல்லவும், எண்ணைச் சட்டென்று பார்க்கவும் உதவும். ஆனால் அசல் இருக்க வேண்டிய இடத்தில் நகலை நீட்டினால், ஏற்பதும் மறுப்பதும் எதிரில் நிற்பவர் மனதைப் பொறுத்தது. என் விஷயம் இன்னொருவர் மனதைப் பொறுத்து நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிலர் லைசென்ஸ் புத்தகம் கிழிந்துபோகும் என்று லேமினேட் செய்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். புதுப்பித்த முத்திரை, தோட்டா வாங்கிய பதிவு, முகவரி மாற்றம் எல்லாம் அந்தப் பக்கங்களில்தான் ஏற வேண்டும். நல்ல கனமான பிளாஸ்டிக் உறை ஒன்று போதும்.

அப்புறம், அந்தக் காகிதம் எங்கே இருக்க வேண்டும் என்பது. நிறையப் பேர் லைசென்ஸைத் துப்பாக்கி உறைக்குள்ளேயே ஒரு பையில் சொருகி வைத்திருக்கிறார்கள். ரெண்டும் பிரியாமல் இருக்கும், மறக்காது என்பது அவர்கள் கணக்கு. ஒரு இருட்டு ரோட்டில் போலீஸ் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கும்போது, 'இருங்க சார், லைசென்ஸ் எடுக்கறேன்' என்று துப்பாக்கி உறையின் ஜிப்பில் கை வைத்தால் எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்? அவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் கை துப்பாக்கி இருக்கும் பைக்குள் போகிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். காகிதத்தைக் காட்டுவதற்குத் துப்பாக்கியைத் தொட வேண்டிய நிலையே வரக் கூடாது. லைசென்ஸ் என் சட்டைப் பையில் அல்லது முன் சீட்டில் இருக்கும் கைப்பையில் இருக்கும். துப்பாக்கி பூட்டிய பெட்டியில், வண்டியின் பின்பக்கம். தோட்டா தனியாக இன்னொரு டப்பாவில். பெட்டிச் சாவி வண்டிச் சாவியோடு சேராமல் தனி வளையத்தில்.

கோவையில் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் மாற்றிவிட்டுத் திரும்பும்போது ஒரு முறை புளியம்பட்டி தாண்டி ராத்திரி வாகனத் தணிக்கை. இரும்புத் தடுப்பு, ஒரு எஸ்.ஐ., இரண்டு காவலர்கள். வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டேன். இளம் காவலர் வந்து, "எங்கிருந்து வர்றீங்க சார், டிக்கியத் திறங்க" என்றார்.

"திறக்கறேனுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லீறேன். பின்னாடி பெட்டியில லைசென்ஸ் துப்பாக்கி ஒண்ணு இருக்குது. குண்டு போடல, பெட்டி பூட்டியிருக்குது. லைசென்ஸ் என் சட்டைப் பையில இருக்குது. எடுக்கட்டுங்களா?"

அவர் உடனே எஸ்.ஐ.யைக் கூப்பிட்டார். எஸ்.ஐ. வந்து, "லைசென்ஸ மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார். கொடுத்தேன். போட்டோவையும் என் முகத்தையும் பார்த்தார். காலாவதித் தேதியைப் பார்த்தார். எந்தப் பகுதி வரைக்கும் செல்லும் என்ற இடத்தைப் பார்த்தார். அப்புறம் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சாவியை அவரிடமே நீட்டினேன். "நீங்களே திறங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். திறந்து, குழலை மடித்து அறை காலியாக இருப்பதைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன். எண்ணைச் சரிபார்த்தார். கோவைக் கடைக்காரர் தந்த பழுதுபார்ப்பு ரசீதையும் கேட்டார், அதுவும் இருந்தது. "சரிங்க சார், போயிட்டு வாங்க."

இதில் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது வரிசையைத்தான். துப்பாக்கி இருக்கிறது என்பதை அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நம் வாயிலிருந்து வர வேண்டும். எங்கே இருக்கிறது, குண்டு போட்டிருக்கிறதா, காகிதம் எங்கே என்ற மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும். அப்புறம் 'எடுக்கட்டுங்களா' என்று கேட்டு, சரி என்ற பிறகே கை அசைய வேண்டும். இப்படி நடந்துகொள்வதில் பணிவு, கெஞ்சல் என்று எதுவும் இல்லை. ராத்திரியில் முன்பின் தெரியாத வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது ஆபத்தான வேலை, அதைச் செய்கிறவருக்கு நாம் தரும் மரியாதை இது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். நாம் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பின் சீட்டிலிருந்து ஒருவர் இறங்கி டிக்கியைத் திறந்தால் எல்லாம் கெட்டது.

ஆனால் காகிதமே துப்பாக்கியோடு ஒத்துப்போகாவிட்டால் இத்தனை நிதானமும் வீண். நான் கண்டவரை பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு இலக்கத்தில்.

எங்கள் துப்பாக்கி வெளிநாட்டில் செய்த பழைய சரக்கு. அதன் எண் வெளியே பளிச்சென்று தெரியாது. குழலை மடக்கி, முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியாக எடுத்துத் திருப்பினால், அடியில் தட்டையான பகுதியில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அதே இடத்தில் வேறு எண்களும் முத்திரைகளும் இருக்கும். 12 என்றிருப்பது போர் அளவு. கிரீடமோ வேறு சின்னமோ இருந்தால் அது குழலைச் சோதித்துப் பார்த்த முத்திரை. இவற்றையெல்லாம் துப்பாக்கி எண் என்று எழுதிவைத்த லைசென்ஸ்களை நான் பார்த்திருக்கிறேன். எண் எதுவென்று உறுதி செய்ய, குழலில் இருப்பதையும், விசை இருக்கும் பாகத்திலோ விசைக்காப்பிலோ இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வருவதுதான் எண். பழைய எண்ணெய்ப் பிசுக்கு உறைந்து இலக்கம் தெரியாவிட்டால், மென்மையான பல் பிரஷ்ஷில் துளி எண்ணெய் தொட்டுத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் 3-ம் 8-ம் ஒன்றாகத்தான் தெரியும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். ஒரு புதுப்பித்தலின்போது பழைய புத்தகம் நிறைந்துவிட்டதால் புதிய புத்தகம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அலுவலகத்தில் பழைய எண்ணைப் பார்த்து எழுதியவர் நடுவில் இருந்த 3-ஐ 8 ஆக்கிவிட்டார். புத்தகம் கைக்கு வந்ததும் கவுண்டரிலேயே நின்று பழையதையும் புதியதையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுவது அப்பா பழக்கிவிட்ட வழக்கம். அதனால் அன்றைக்கே தெரிந்தது. "சின்னத் திருத்தம்தானே, நானே பேனால போட்டுடறேன்" என்று அங்கிருந்தவர் சொன்னார். வேண்டாம் என்றேன். முத்திரையும் அதிகாரியின் கையெழுத்தும் இல்லாத திருத்தம் பிழையைவிட மோசம். நாளைக்கு ரோட்டில் பார்க்கிறவர் கண்ணுக்கு அது நாமே திருத்திய எண்ணாகத்தான் தெரியும். மனு எழுதி, பழைய புத்தகத்தின் நகல், குழல் எண்ணின் போட்டோ, ஸ்டேஷனில் துப்பாக்கியைப் பார்வையிட்டுத் தந்த அறிக்கை எல்லாம் இணைத்துக் கொடுத்தோம். நாளானது. ஆனால் திருத்தம் முறையாக, முத்திரையோடு ஏறியது. அதுவரை துப்பாக்கியை வீட்டை விட்டு எடுக்கவில்லை.

எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் நமக்கென்று தரும் அடையாள எண். 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி அது இல்லாத லைசென்ஸ் செல்லாது. பழைய புத்தகம் வைத்திருக்கும் பெரியவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. 2019-இல் வந்த திருத்தத்தையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்: ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, லைசென்ஸின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. ஐந்து வருஷம் என்பது மறப்பதற்குத் தோதான காலம். காலாவதிக்குக் குறைந்தது 60 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் போக வேண்டும். நான் ஆறு மாதம் முன்பே மருத்துவர் சான்றுக்குக் கிளம்பிவிடுவேன். காலம் முடியும் தேதிக்குள் புதுப்பித்த லைசென்ஸ் கைக்கு வராதென்று தெரிந்தால், துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுவேன். விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு தைரியமாக இருப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நிம்மதி இல்லை.

தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. ஒரு சமயத்தில் எத்தனை வைத்துக்கொள்ளலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே இருக்கும். கடையில் வாங்கும்போது அவர்கள் அதில் பதிவு போட்டு முத்திரை வைப்பார்கள். பில்லையும் சேர்த்து வையுங்கள். சுட்ட தோட்டாவின் காலி உறைகளை நான் எறிவதில்லை, ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். வாங்கியது இத்தனை, கையில் இத்தனை, மீதி எங்கே என்று கேட்டால் காட்ட அது உதவும்.

வேறொருவர் எடுத்துப்போவது பற்றி. லைசென்ஸ் என் பெயரில் இருக்க, மச்சினனோ மகனோ பழுதுபார்க்க எடுத்துப்போகலாமா என்று கேட்பார்கள். ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவிலேயே இதற்கு இடம் இருக்கிறது: லைசென்ஸ் வைத்திருப்பவர் கூடவே இருந்தால், அல்லது அவர் எழுதிக்கொடுத்த அனுமதி இருந்தால், பழுதுபார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, அல்லது அவருடைய பயன்பாட்டுக்காக இன்னொருவர் எடுத்துச்செல்லலாம். வாய் வார்த்தை போதாது. ஒரு வெள்ளைத் தாளில் என் பெயர், லைசென்ஸ் எண், துப்பாக்கியின் வகை, எண், எடுத்துப்போகிறவர் பெயர், முகவரி, எந்தக் கடைக்கு, எதற்காக, எந்தத் தேதிக்குள் திரும்ப வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரிஜினல் லைசென்ஸோடு கொடுத்தனுப்புகிறேன். அவருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்க வேண்டும். கடையில் துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தால் கடைக்காரர் ரசீது தருவார். அதில் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.

என் அண்ணன் மகள் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போகிறவள். குழல் அளவு 0.177 அங்குலத்துக்கு மேற்படாத, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் காவலருக்கு அந்த நீளமான பெட்டியைப் பார்த்து எது என்ன என்று எப்படித் தெரியும்? லைசென்ஸ் இல்லை என்பது சட்டப்படி சரியான பதில்தான், கேட்பவர் காதில் அது வேறு மாதிரி விழும். அதனால் வாங்கிய பில், அதில் மாடலும் அளவும், தயாரிப்பாளர் தரும் விவரத் தாள், ரைஃபிள் கிளப் அடையாள அட்டை, போட்டிக்கான அழைப்புக் கடிதம் இவற்றை ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்திருக்கிறோம். விலக்கு இருக்கிறவர்தான் அந்த விலக்கைக் காட்ட வேண்டும், 19-வது பிரிவும் அப்படித்தான் சொல்கிறது. குடகில் கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. அவர்களும் விலக்குச் சான்றிதழோடுதான் எடுத்துப்போகிறார்கள். விமானத்தில் போவதென்றால் டிக்கெட் போடும்போதே கம்பெனியிடம் சொல்லி, செக்-இன் கவுண்டரில் அறிவித்து, குண்டில்லாமல் பெரிய பெட்டிகளோடு அனுப்ப வேண்டும். இத்தனையையும் பார்க்க அங்கே நேரம் பிடிக்கும், சீக்கிரமே போய்விடச் சொல்லுங்கள்.

இனி தேர்தல். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வரும். வங்கிக் காவலர்களுக்கும் பதிவு பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கும் இதில் விலக்கு தருவது உண்டு. மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதே நல்லது. ஆனால் கொடுக்கும் விதம் இருக்கிறது. அந்த நாட்களில் ரோட்டில் பறக்கும் படை நிற்கும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, இன்ன நேரத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். தகவல் வந்த கடிதமோ நோட்டீஸோ இருந்தால் அதுவும் லைசென்ஸோடு சேர்ந்து கையில் இருக்கட்டும். ஸ்டேஷனில் ரைட்டர் வேலை மும்முரத்தில், 'துப்பாக்கி ஒன்று பெறப்பட்டது' என்று ஒரு வரியில் ரசீது எழுதுவார். பொறுமையாகக் கேட்டு முழு விவரத்தையும் எழுத வையுங்கள்: வகை, எண், லைசென்ஸ் எண், கூடவே கொடுக்கும் உறை, பெல்ட், தோட்டா எத்தனை, தேதி, நேரம், ஸ்டேஷன் முத்திரை. ஒரே மாதிரி இருக்கும் பழைய ரெட்டைக் குழல் துப்பாக்கிகள் அந்த அறையில் வரிசையாகச் சாத்தியிருக்கும். யாருடையது எது என்று பிரிக்க எண்ணைத் தவிர வேறு வழி கிடையாது.

கொடுப்பதற்கு முன்னால் குழலுக்கு உள்ளும் வெளியும் எண்ணெய் பூசி, எண்ணும் மரப்பகுதியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்வேன். கைப்பிடியில் பெயரும் எண்ணும் எழுதிய அட்டை கட்டிவிடுவேன். வாக்கு எண்ணிக்கை முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் பொதுவாகத் திருப்பித் தருவார்கள். மழைக்காலமாக இருந்தால் அதற்குள் துரு பிடித்துவிடும். திரும்ப வாங்கும்போது அங்கேயே எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கம் ஒருவர் அப்படிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அது வேறொருவர் துப்பாக்கி. அவருடையது இன்னொரு ஊருக்குப் போய்விட்டது. இரண்டு பேருமே அந்த நேரத்தில் தங்கள் லைசென்ஸில் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தவர்கள் ஆகிவிட்டார்கள். ஸ்டேஷனில் நல்ல மனதோடு சரிசெய்து கொடுத்தார்கள் என்பதால் பிரச்சினை வளரவில்லை.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் எடுத்துப்போகக் கூடாத இடங்கள் உண்டு. லைசென்ஸ் நிபந்தனையிலேயே இருக்கிறது: திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம். அதற்கென்று தனி அனுமதி இல்லாமல் இந்த இடங்களுக்கு எடுத்துப்போனால் லைசென்ஸே போகலாம். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது காடு. பண்ணாரியிலிருந்து திம்பம் போகும் 27 கொண்டை ஊசி வளைவுப் பாதை நமக்கு மைசூர் ரோடு. சட்டத்தின் கண்ணில் அது சத்தியமங்கலம் சரணாலயத்துக்குள் போகிற பாதை. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு, வனத்துறையின் எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. லைசென்ஸ் கலெக்டர் கொடுத்தது, இந்தியா முழுக்கச் செல்லும் என்று சொல்லி செக்போஸ்ட்டில் வாதாட முடியாது. அது வேறு சட்டம், இது வேறு சட்டம். அதனால் அந்தப் பக்கம் போகும் நாளில் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கும். அதே சட்டத்தின் 34-வது பிரிவு, சரணாலயத்திலும் அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளும் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர்கள் தங்கள் பெயரை வனத்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. சத்தியமங்கலம் சரணாலயம் அறிவிக்கப்பட்டது 2008-இல், புலிகள் காப்பகம் ஆனது 2013-இல். அதற்கு முன்பே லைசென்ஸ் எடுத்த குடும்பங்கள் பல, இப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாமல் இருக்கின்றன. அந்தப் பதிவுச் சான்றின் நகலும் லைசென்ஸ் உறைக்குள் இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சோளக்காட்டில் பன்றி இறங்கினால் வயிறு எரியும், எனக்கும் எரியும். ஆனாலும் லைசென்ஸ் இருப்பதால் அதைச் சுட நமக்கு உரிமை வந்துவிடாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லி, இழப்பீட்டுக்கு எழுதிப்போடுவதுதான் வழி.

கடைசியாக, லைசென்ஸ்தாரர் இறந்துபோனால் என்ன செய்வது என்பது. இதில்தான் நல்ல குடும்பங்கள்கூட மாட்டிக்கொள்கின்றன. பெரியவர் காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, பீரோவைத் திறந்தால் துப்பாக்கி இருக்கிறது. யாரிடம் சொல்வது, சொன்னால் கேஸ் போடுவார்களோ என்று பயந்து அப்படியே பூட்டி வைத்துவிடுகிறார்கள். லைசென்ஸ் அந்த மனிதருக்குக் கொடுத்தது. அவர் போன பிறகு வீட்டில் யாருக்கும் அதை வைத்திருக்கும் உரிமை இல்லை. 21-வது பிரிவு சொல்வது, தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பதைத்தான். ஸ்டேஷனுக்குப் போன் செய்து விவரம் சொல்லி, இறப்புச் சான்றிதழும் லைசென்ஸும் எடுத்துக்கொண்டு போய் ஒப்படைத்து, விவரமான ரசீது வாங்குங்கள். அப்புறம் ஆற அமர வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம், வேண்டாமென்றால் அனுமதி பெற்று விற்கலாம். பயந்து மறைத்து வைத்த ஒரு குடும்பத்தோடு நான் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறேன். ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்ற ஒரே கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. பெரியவர் வைத்திருந்தபோது ஒரு குறையும் இல்லாத துப்பாக்கி அது.

இந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. 2016 விதிகளில் 25-வது விதிப்படி, லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, இதில் எது முதலில் வருகிறதோ அப்போதே, தான் விரும்பும் வாரிசின் பெயரைச் சொல்லி அவருக்கு லைசென்ஸ் தரக் கேட்கலாம். அப்பா அப்படித்தான் செய்தார். வாரிசுகளில் மற்றவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அக்காவும் அண்ணனும் எழுதிக்கொடுத்தார்கள். எனக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவர் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் வழக்கம்போல உண்டு, அப்பா கேட்டார் என்பதற்காக எதுவும் தள்ளுபடி இல்லை. விண்ணப்பத்தோடு துப்பாக்கி வாங்கிய காலத்து ரசீது, அதுவரை இருந்த லைசென்ஸ் புத்தகங்கள் எல்லாவற்றின் நகல், தேர்தல் ஒப்படைப்பு ரசீதுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்தோம். வாங்கிய ரசீதைத்தான் அங்கே முதலில் கேட்டார்கள். உங்கள் வீட்டில் அந்த ரசீது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், பெரியவர் இருக்கும்போதே கேட்டு எடுத்து வையுங்கள்.